மறதிக்காரி

பேருந்து நிலையத்தின் பின்பக்கம், கழிப்பறைக்கும் டயர் மாற்றும் கொட்டகைக்கும் நடுவில், கம்பி வலை அடித்த ஜன்னலோடு ஓர் அறை. பேருந்துகளில் ஜனங்கள் விட்டுவிட்டுப் போகிற சாமான்களெல்லாம் அங்கேதான் வந்து சேரும். குடைகள், மூக்குக்கண்ணாடிகள், ஒற்றைச் செருப்பு, ஊன்றுகோல். ஒருமுறை முழுசாக ஒரு பல்செட்டு வந்தது. அதைக் கேட்டு வந்த பெரியவர் கையால் வாயைப் பொத்திக்கொண்டே பேசியதால், அடையாளம் எதுவும் கேட்காமலே எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

அவள் வேலை அந்த அறையில்தான். கண்ணைக் கட்டி விட்டாலும் எந்தச் சாமான் எந்தத் தட்டில் என்று கை தானாகப் போகும். இடுப்பில் சாவிக்கொத்து சலசலக்க மேற்பார்வை பார்க்கும் பூட்டம்மா, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்: "என் உயிரு போனாக்கூட இவகிட்ட வந்து கேளுங்க. எந்த மூலையில இருக்குன்னு எடுத்துக் குடுத்துடுவா."

அப்பேர்ப்பட்டவள் வீட்டில் மறதிக்காரி.

கல்யாணமான புதிதில் அப்படி ஒன்றும் இல்லை. போகப் போகத்தான். ஆணியில் மாட்டிய சாவி மறுநாள் சர்க்கரை டப்பாவுக்குள் கிடக்கும். தலையணைக்கடியில் வைத்த கைப்பேசி துவைக்கப் போட்ட துணிக்குள்ளிருந்து அடிக்கும். கழற்றி வைத்த தோடு ஒன்று இருக்கும், ஒன்று இருக்காது. தேடிக் கண்டுபிடித்துக் கொடுப்பது எப்போதும் கணவன்தான். ஒரு தடவைகூட முகம் சுளித்ததில்லை. அவள் தலையைத் தடவி, "விடுடா கண்ணு. நான் இருக்கேன்ல?" என்பான். எதிர்வீட்டுக்காரிகூட அவனைத் தங்கம் என்றுதான் சொன்னாள். அந்தத் தங்கமே தெருவில் நாலு பேரிடமும் அவளுடைய அக்காவிடமும் குரலைத் தாழ்த்திச் சொல்லி வைத்திருந்தது: "கொஞ்சம் பார்த்துக்கோங்க. அவளுக்கு ஞாபகம் சரியில்ல."

பிறகு அந்த மத்தியானம். விடுமுறை நாள். சமைத்து முடித்து, அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்தாள். எழுந்தபோது தலை கல்லாய்க் கனத்தது, குமட்டிக்கொண்டு வந்தது. வீடு முழுக்க கேஸ் வாடை. எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. தவழ்ந்துதான் வாசலுக்கு வந்தாள். கடைக்குப் போயிருந்த கணவன் அப்போதுதான் திரும்பி வந்தான். ஓடிப்போய் அடுப்பை மூடினான், ஜன்னல்களைத் திறந்தான், கூடிவிட்ட அக்கம்பக்கத்தார் முன்னால் கண் கலங்கி நின்றான்.

"அணைச்சேனே" என்றாள் அவள். குமிழைத் திருப்பும்போது கட்டைவிரலுக்கடியில் எழுந்த 'டக்' அவளுக்கு இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது.

"அணைச்சதா நினைச்சிருப்பே" என்றான் அவன், மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போல.

அதற்குப் பிறகு அந்த 'டக்'கை அவள் நம்பவில்லை. பூட்டிய கதவை இழுத்துப் பார்த்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்ப்பாள். யாராவது எதையாவது கேட்டால் வாய் தானாக, "தெரியல, அவரைக் கேட்டுச் சொல்றேன்" என்றது.

ஊருக்கு வெளியே, பேருந்து போகாத இடத்தில், அவனுடைய அத்தை வீடு பூட்டிக் கிடந்தது. அங்கே குடிபோவதென்று அவன்தான் முடிவு செய்தான். வேலையை விடுவதற்கான கடிதத்தையும் அவனே தட்டச்சு செய்து கொண்டுவந்தான். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. "அங்க நீ எதையுமே ஞாபகம் வச்சுக்க வேண்டாம்டா" என்றான். அன்பாகத்தான் சொன்னான். அவளுக்கு ஏனோ முதுகுத்தண்டு சில்லிட்டது. அதையும் தன் புத்திக்கோளாறு என்றே எடுத்துக்கொண்டாள்.

இன்றைக்குக் கடைசி நாள். கிளம்பும்போது அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். காலையிலேயே சாமான்கள் லாரியில் போய்விட்டன. சாயங்காலம் அவன் வந்து அழைத்துப் போவான்.

மத்தியானம் கண்டக்டர் வந்தார். வாய் ஓயாது என்பதால் ரேடியோ என்றே பெயர். கையில் இரண்டு குடை, ஒரு நீலத் துணிப்பை.

"என்னம்மா, இன்னையோட நீயும் தொலைஞ்சு போறியாமே? உன்னை எந்தத் தட்டுல வைக்கிறதாம்?"

"போங்கண்ணே."

"இந்தப் பையைப் பாரு. நேத்து கடைசி சீட்டுல ஒரு ஆளு வச்சுட்டு எறங்கிட்டான். சார், சார்னு தொண்டை கிழியக் கத்துறேன். செவிடன் மாதிரிப் போறான்! கையில ஹெல்மெட் வேற. வண்டி வச்சிருக்கறவன் எதுக்கும்மா என் பஸ்ஸுல வந்து என் உயிரை வாங்கணும்?"

"மூஞ்சியைப் பாத்தீங்களா?"

"முதுகைத்தான் பாத்தேன். முதுகுக்கு என்ன அடையாளம் சொல்றது?" என்று சிரித்துக்கொண்டே அடுத்த வண்டிக்கு ஓடினார்.

வருகிற பையைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பார்த்து, சீட்டு எழுதிக் கட்ட வேண்டும். அதுதான் வழக்கம். திறந்தாள். உள்ளே ஒரு ஜோடி கையுறை. கால்பந்தில் கோல் காக்கிறவர்கள் போடுவது. உள்ளங்கை ரப்பர் மங்கிப் போய், மணிக்கட்டுப் பட்டையின் உட்புறம் மையால் 'கோலி' என்று எழுதியிருந்தது.

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அதுதான் பெயர். கோல்கீப்பர் என்று முழுசாகக் கூப்பிட யாருக்கும் பொறுமை இல்லை.

மூட்டை கட்டும்போது போன வாரம் இவற்றைத்தான் வீடெல்லாம் தேடினாள். "நீதானே பழைய துணியோட சேர்த்துக் குப்பையில போட்டே? நான் பாத்தேனே" என்றான் கணவன். குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். கையுறைக்காக மட்டும் அழவில்லை. தன் கையாலேயே இதையும் எறிந்திருக்கிறோமே என்று அழுதாள்.

இப்போது அவை மேசை மேல் கிடந்தன. காலுறையைச் சுருட்டுவது போல ஒன்றுக்குள் ஒன்று திணிக்கப்பட்டிருந்தன. பிரித்தபோது ஒட்டிக்கொண்டிருந்த ரப்பர் தோலாய் உரிந்து வந்தது.

"நான் இப்படி வைக்க மாட்டேன்" என்றாள், வாய்விட்டு.

"என்னடி?" என்று நிமிர்ந்தாள் பூட்டம்மா.

"ரப்பரும் ரப்பரும் ஒட்டிக்கும். நடுவுல காகிதம் வச்சுத்தான் வைப்பேன். எப்பவும்."

பூட்டம்மா ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தாள். அவளோ எங்கோ இருந்தாள். செம்மண் மைதானம், உச்சி வெயில். பந்து கோட்டின் மேல் விழுந்தது, அவள் விழுந்து அணைத்தாள், நடுவர் விசில் ஊதி கோல் என்றார். எதிரணி குதித்தது. சொந்த அணிப் பிள்ளைகளே தலையைத் தொங்கப் போட்டார்கள். மைதானத்தில் ஒருத்தி மட்டும், முழங்கை சிராய்த்து ரத்தம் வடிய, நடுவர் முகத்துக்கு நேரே நின்றாள். "தாண்டல சார். நான் பார்த்தேன்." விளையாட்டு ஆசிரியை இழுத்தார், தலைமை ஆசிரியை மிரட்டினார். தாண்டல. நான் பார்த்தேன். கோல் கோல்தான், தோற்றார்கள். ஆனால் அந்தப் பெண் அன்றைக்கு வீட்டுக்குப் போய் வயிறு நிறையச் சாப்பிட்டாள். ஊரே தாண்டிவிட்டது என்று சொன்னாலும், கண் பார்த்தது கண் பார்த்ததுதானே?

அந்தப் பெண்ணை இத்தனை நாள் மறந்தே போயிருந்தோமே என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. சிரிப்பு முழுசாக வரவில்லை. பாதியில் நின்றுவிட்டது.

கையுறையை நான் எறியவில்லை. சரி. அப்படியென்றால் சாவியை நான் சர்க்கரையில் போடவில்லை. கைப்பேசியைத் துணியில் சுருட்டவில்லை. ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டே வந்தது. அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்தது. வேண்டாம், அதை மட்டும் நினைக்காதே என்று உள்ளுக்குள் யாரோ கெஞ்சினார்கள். மறதிக்காரியாகவே இருந்துவிட்டுப் போகலாம். மறதிக்காரி நிம்மதியாகத் தூங்கலாம்.

அடுப்பை அணைத்தேன். 'டக்' கேட்டது. ஜன்னல்களை நான் சாத்தவில்லை. நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

வெளியே ஒரு பேருந்து பின்னால் நகர்ந்தது. தட்டுகளில் இருந்த கண்ணாடிகளெல்லாம் மெல்ல நடுங்கி அடங்கின.

சாயங்காலம் சொன்னபடி வந்தான். கம்பி வலைக்கு அந்தப் பக்கம், ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு, சிரித்த முகமாக.

"கிளம்பலாமாடா?"

"நான் வரல."

"என்னது?"

"வரல. வேலையையும் விடல."

அவன் அவளை விட்டுவிட்டுப் பூட்டம்மாவைப் பார்த்தான். "சொன்னேனே மேடம். இன்னைக்குக் காலையிலேர்ந்தே கொஞ்சம் குழப்பமா இருக்கா."

பூட்டம்மாவின் கண்ணில் ஓர் இரக்கம் வந்தது. அவளுக்கு அதுதான் எல்லாவற்றிலும் கொடியதாக இருந்தது. இந்த அம்மாளிடமும் சொல்லி வைத்திருக்கிறான். அந்தப் பையையும், இந்த மேசைக்கே வரட்டும், கடைசி நாளில் நான் இன்னும் குழம்பட்டும் என்றுதான் பஸ்ஸில் விட்டிருக்கிறான். சாட்சி என்று சொல்ல ஒரு முதுகுதான் இருக்கிறது. மற்றபடி யாரும் இல்லை. 'தெரியல' என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"அந்த மத்தியானம் அடுப்பைத் திறந்தது யாரு?" என்றாள்.

எந்த மத்தியானம் என்று அவன் கேட்கவில்லை. நீதானே என்றும் சொல்லவில்லை. முதலில் திரும்பி, தன் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தான். அதற்குப் பிறகுதான் சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டான்.

"வீட்டுக்கு வா. பேசிக்கலாம்." வலைக்கடியில் சாமான் கொடுக்கிற இடைவெளி வழியாகக் கையை நீட்டினான். விரல்கள் பிரிந்து, மல்லாந்து, மேசை மேல் அந்தக் கை காத்திருந்தது.

அவள் தொடவில்லை. சிறிது நேரம் கழித்துக் கை தானாகவே திரும்பிப் போனது.

பூட்டம்மா எழுந்தாள். கதவருகே போய் உள்தாழ்ப்பாளைப் போட்டாள். "அவன் திரும்பிப் பாத்தான்டி" என்றாள், கிசுகிசுப்பாக. "நானும் பாத்தேன்."

அவள் அக்காவுக்குப் போன் செய்தாள். "அக்கா, எனக்கு மறதி இல்ல. ஒருநாளும் இருந்ததில்ல. கேஸை நான் திறக்கல." அக்காவும் அவனை நம்பியவள்தான்.

"எங்க இருக்க?"

"வேலையிலதான்."

"அங்கேயே இரு. யாரு கூப்பிட்டாலும் போகாதே. வந்துட்டே இருக்கேன்."

எதிரே பயணிகள் பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான். ஹெல்மெட்டை மடியில் வைத்து, அதன் மேல் இரு கைகளையும் வைத்து. கோபமே இல்லை. பக்கத்தில் அழுத ஒரு குழந்தைக்கு நாக்கைத் துருத்திக் காட்டிச் சிரிக்க வைத்தான். நேரம் முழுக்கத் தன்னுடையது என்பது போல இருந்தான். ஒரு பேருந்து வந்து நின்று பெஞ்சை மறைத்தது, ஜனங்கள் ஏறினார்கள். அது நகர்ந்தபோது பெஞ்ச் காலியாக இருந்தது.

"போய்ட்டான் போல" என்று பெருமூச்சு விட்டாள் பூட்டம்மா.

"இல்லம்மா. போகல" என்றாள் அவள். "நமக்குத் தெரியாத இடத்துல நிக்கிறான்."

குரலில் நடுக்கம் இருந்தது. சந்தேகம் இல்லை. கதவும் ஜன்னலும் ஒரே பார்வையில் படுகிற மாதிரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.