தம்பிக்கு வந்த ஆட்டுக்கால் சூப்

மாட்டுத்தாவணிப் பக்கம் லாரி மோதி, தம்பி தீவிர சிகிச்சைப் பிரிவில் நினைவில்லாமல் கிடந்த நாட்களில், எங்கள் குடும்பத்தில் சதை போட்ட ஒரே ஆள் நான்தான்.

காரணம் தம்பியின் மனைவி. எலும்பு முறிந்தால் ஆட்டுக்கால் சூப் என்பது எங்கள் பக்கத்தில் டாக்டரைக் கேட்டு முடிவு செய்கிற விஷயம் இல்லை. மிளகைத் தட்டிப் போட்டு, காலையிலேயே பிளாஸ்கில் ஊற்றி என் கையில் திணித்துவிடுவாள். கூடவே ஓர் உத்தரவு.

"நோயாளிக்குன்னு எடுத்துட்டுப் போனது வீட்டுக்குத் திரும்பி வரக் கூடாது அத்தான். கீழயும் கொட்டிராதீங்க."

முதல் நாளே நர்சிடம் பேரம் பேசினேன். "புது வேட்டியில ரெண்டு தடவை வடிகட்டிட்டேன் சிஸ்டர். மூக்குக் குழாயிலயே விட்டுரலாம்."

"கொழுப்பு உறைஞ்சா குழாய் அடைச்சுக்கும்ணே. நாங்க குடுக்குற பாலே அவருக்கு இன்னும் சேரலை."

பால் என்று அவர் சொன்னது, சத்துமாவைக் கரைத்த வெளிறிய திரவம். ஒவ்வொரு முறையும் அதைக் கொடுக்கும் முன் குழாயில் சிரிஞ்சை வைத்து இழுத்துப் பார்ப்பார். முன்பு கொடுத்தது அப்படியே திரும்பி வரும். சாப்பாடு இறங்கினால்தான் புண் ஆறும், கிருமியோடு மல்லுக்கட்ட உடம்பில் தெம்பு இருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்யாணப் பந்தியில் இலையை மடிக்க மனசே வராத ஆளின் வயிறு, இப்போது வேலைநிறுத்தத்தில் இருந்தது.

சூப்பை என்ன செய்ய? படிக்கட்டில் உட்கார்ந்து நானே குடித்தேன். தினமும். தொண்டைக்குள் இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். அவள் கைப்பக்குவம் அப்படி, வழுக்கிக்கொண்டு போனது.

"என்னண்ணே, அடிபட்டது தம்பி, தேறுறது நீங்களா?" என்றார் வாட்ச்மேன்.

வீட்டில் அவள், "உப்பு சரியா இருந்துச்சா அத்தான்?" என்பாள். குடித்தது யார் என்று கேட்டதே இல்லை.

"சரியா இருந்துச்சும்மா."

ஒரு நாள் நான் உள்ளே போனபோது நர்ஸ் சிரிஞ்சை இழுத்தார். ஒன்றும் வரவில்லை.

"எறங்கிருக்குண்ணே."

பாலைக் கொஞ்சமாக ஊற்றினார். வெள்ளைக் கோடாக அது குழாயில் இறங்கியது.

"தங்குமா சிஸ்டர்?"

"அடுத்த தடவை இழுத்துப் பாத்தாத்தான் தெரியும்." என்னைத் திரும்பிப் பார்த்தார். "வாயை மூடுங்கண்ணே, மிளகு வாசம் அடிக்குது."

அப்போதுதான் கவனித்தேன். பிள்ளைக்குச் சோறு ஊட்டுகிறவர்கள் தாங்களும் வாயைத் திறப்பார்களே, அப்படித் திறந்துகொண்டு நின்றிருக்கிறேன்.

மூடினேன். அவர் இன்னும் கொஞ்சம் ஊற்றியபோது அது தானாகவே திறந்துகொண்டது.