அண்ணன் இழுத்துவிட்ட ஹேண்ட்பிரேக்

ஆரையம்பதியில், வாவியோரமாக இருக்கிற எங்கள் வளவில் அண்ணனின் லொறி மூன்று வருடமாக அசையாமல் நின்றது. கடைசியாக நெல் இறக்கிவிட்டு வந்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தவர், கீழே இறங்கும்போதே விழுந்துவிட்டார். பாரிசவாதம். இடக்கையும் இடக்காலும் வழங்காமல் போயின, பேச்சும் போயிற்று.

உப்புக்காற்றில் நாள்கணக்காக நிற்கும் வண்டியில் ஹேண்ட்பிரேக்கை இழுத்தபடி விடக்கூடாது. வண்டி உருளாமல் சில்லுக்குக் கல் வைத்துவிட்டு, பிரேக்கை எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பிரேக் கட்டை ட்ரம்மோடு துருவேறி ஒட்டிவிடும். இதை ஊருக்கே ஓதியவர் அண்ணன்தான். பெண் பார்க்கப் போன வீட்டு வாசலிலும் கல் தேடிய மனிதர். ஆனால் நான் எடுத்துவிடப் போனபோது அவருடைய மனைவி, என் மச்சாள், குறுக்கே வந்து நின்றார்.

"அவர்ர கையால இழுத்தது தம்பி. அவர்தான் எழும்பி வந்து எடுக்கோணும். ஆரும் தொடப்படாது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்தாலும் அந்த நம்பிக்கையைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. விட்டுவிட்டேன்.

இந்த வருடம் மச்சாளே விற்கச் சொன்னார். அண்ணன் இனி எழும்பமாட்டார் என்று அவர் வாயால் சொல்லவில்லை. லொறி ஓடினால் ஓட்டமாவடிக்காரர் ஒருவர் எடுப்பார். ஓடாவிட்டால் பழைய இரும்புக்காரர்கள் வந்து, நின்ற இடத்திலேயே காஸால் வெட்டி ஏற்றுவார்கள். நின்ற இடமோ அண்ணனின் கட்டிலடி ஜன்னலுக்கு நேரே.

"அவருக்கு முன்னால வெட்டப்படாது தம்பி. அது மட்டும் வேணாம்" என்றார் மச்சாள்.

ஏறாவூரிலிருந்து மெக்கானிக் வந்தார். புது பற்றரி போட்டதும் எஞ்சின் கிளம்பியது. பிரேக் டாங்கியில் காற்று நிரம்பிய பிறகு ஹேண்ட்பிரேக்கை நான்தான் எடுத்துவிட்டேன். கை கூசியது. லொறி உறுமியதே தவிர, பின்சில்லுகள் சுற்றாமல் மணலை உழுதன. மெக்கானிக் கீழே படுத்து அட்ஜஸ்டரைத் தளர்த்தி, ட்ரம்மைச் சுற்றிச் சுற்றிச் சம்மட்டியால் அடித்தார்.

"ஒருக்கா முன்னுக்கு எடுங்க தம்பி... இப்ப பின்னுக்கு..."

ஒரு பக்கம் இளகியது. மற்றப் பக்கம் மத்தியானம் தாண்டியும் பிடிவாதமாக நின்றது. இரும்புக்காரருக்கே சொல்லிவிடுவோமா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, மறுபடி ஏறி உட்கார்ந்து பின்னுக்கு எடுத்தேன். வெடி போட்டதுபோல ஒரு சத்தம். சில்லு சுற்றியது.

காத்துநின்ற ஓட்டமாவடிக்காரரிடம் லொறியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குள் ஓடினேன்.

"அண்ணே, வெட்டல்ல! ஓடித்தான் போகுது!"

மச்சாள் கட்டிலின் கால்மாட்டில் நின்று அழுதுகொண்டிருந்தார். அண்ணனின் வலக்கால் கட்டில் சட்டத்தை அழுத்தி மிதித்திருந்தது. விரல்கள் வெளிறிக் கிடந்தன.

"நீங்க எஞ்சினக் கிளப்பினதில இருந்து இப்பிடித்தான் தம்பி, பிரேக்க மிதிச்சிட்டுக் கிடக்கார்."

அந்தக் காலைப் பிடித்து மெல்ல எடுக்கப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. லொறி பெரிய வீதியில் ஏறிச் சத்தம் முற்றாக ஓய்ந்த பிறகும் அவர் காலை எடுக்கவில்லை.