முப்பத்தோராம் நம்பர் வீட்டுக்காரி

போன வாரம் ரங்கூன் டவுனில், கியாக்டடாவில் பழைய ரிக்கார்டுகள் வைத்திருக்கிற ஆபீசுக்குப் போயிருந்தேன். எத்தனை காலமாக இந்த ஊரில் இருக்கிறாய், அப்பன் யார், ஆத்தாள் யார், எந்த வீட்டில் குடியிருந்தீர்கள் என்று கேட்டு சர்க்காரில் ஒரு பாரம் கொடுத்திருக்கிறார்கள். எழுதினால் மட்டும் போதாதாம், ஒவ்வொன்றுக்கும் பழைய காகிதம் காட்ட வேண்டுமாம். அறுபது வருஷமாக ரங்கூன் மழையில் நனைந்தவனைப் பார்த்து நீ யார் என்று கேட்டால் கோபம் வராதா? வந்தது. ஆனால் சூலே பகோடா வரைக்கும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டே போனதில் பாதிக் கோபம் வேர்வையோடு போய்விட்டது.

மேஜையில் உட்கார்ந்திருந்தது நம்மவர் வீட்டுப் பெண்தான். மல்லிகா என்று பெயர். பர்மிய வழக்கப்படி மா மல்லிகா என்று கூப்பிடுகிறார்கள். தமிழ் நன்றாகப் புரிகிறது. பேசினால் மூன்றாவது வார்த்தை பர்மியத்தில் போய் விழுகிறது. என்னை ‘ஊலே’ என்றாள். மாமா, சித்தப்பா, பெரியவர் எல்லாருக்கும் இங்கே அந்த ஒரே சொல்தான். விவரம் கேட்டுக்கொண்டு உள்ளே போனவள், சிவப்புத் துணி சுற்றிய ஒரு நீளமான நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துணியை அவிழ்த்ததும் குப்பென்று ஒரு வாசனை.

வசம்பு! எங்கள் வீட்டுப் பெண்கள் அதன் பெயரைச் சொல்ல மாட்டார்கள், ‘பேர் சொல்லாதது’ என்பார்கள். பூச்சி அரிக்காமலிருக்க அந்த வசம்பை இடித்து, சின்னச் சின்ன முடிச்சாகக் கட்டி, அந்த நோட்டுக்குள் வைத்தவன் நான்தான். அப்போது எனக்கு வயசு இருபது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடு வருஷங்கள். நோட்டில் இருக்கிற அழகான, கொஞ்சம் கர்வம் பிடித்த கையெழுத்தும் என்னுடையதுதான். இப்போது எழுதினால் கோழி கிளறின மாதிரி இருக்கிறது, அது வேறு விஷயம்.

மாவ்பி போகிற ரஸ்தாவுக்குக் கிழக்கே மூங்கில்காடு என்று ஒரு குடியிருப்பு இருந்தது. டவுனில் பாரக்ஸ் என்கிற கூலிக் கொட்டடிகளில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்த துறைமுகத்துக்காரர்களும் ரயில்காரர்களுமாக நாற்பது குடும்பம், புதரை வெட்டி, பள்ளத்தை மேடாக்கி, வீடு கட்டிக்கொண்டு உட்கார்ந்த இடம். நாங்களும் அதில் ஒரு குடும்பம். அங்கே ஒரு சங்கம், அதற்கு ஒரு தலைவர். ஒரு காலத்தில் துறைமுகத்தில் ஆள் மேய்த்தவர் என்பதால் அவரை எல்லோரும் மேஸ்திரி மாமா என்றுதான் கூப்பிடுவோம். சங்கத்துக்கு ஒரு நோட்டு. முதலில் வந்த குடும்பம் எது, எந்த இடத்தில் வீடு, எத்தனை முழம், நட்ட கால் எத்தனை, மண் சுவரா மூங்கில் தட்டியா, ஆண் எத்தனை, பெண் எத்தனை, எல்லாம் அதில். அந்த நோட்டைப் பார்த்துத்தான் நில ஆபீசர் பட்டா கொடுக்கப் போகிறார் என்று தெரிந்த வருஷம், பழைய நோட்டைக் கரையான் தின்றுவிட்டிருந்தது. கரையான் விட்டுவைத்த பக்கங்களில் அடித்தலும் திருத்தலும். நீ முந்தி வந்தாயா நான் முந்தி வந்தேனா என்று அடிதடி வரைக்கும் போயிருந்தார்கள்.

ஆகவே புது நோட்டு. எழுத நான். என்ன மிதப்பு எனக்கு! காதில் பென்சில், கையில் முழக்கோல், வீடு வீடாக மத்தியானத்தில் போவேன். ஆண்கள் வேலைக்குப் போயிருப்பார்கள், பெண்கள்தான் இருப்பார்கள். இங்கேதான் வந்தது வினை. உங்களுக்குத் தெரியாததா? நம் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்ல மாட்டார்கள்.

“வீட்டுக்காரர் பேரு என்னக்கா?”

“அய்ய, அதெப்படி நான் சொல்றது? மயில் மேல உக்காந்திருப்பாரே, அவரு பேரு.”

“முருகனா? வேலனா? குமாரசாமியா?”

“மூஞ்சி நெறய இருக்குமே தம்பி!”

ஆறுமுகம் என்று எழுதிக்கொள்வேன். ஒருத்தி ஒன்றும் சொல்லாமல் வாசலில் கிடந்த அம்மிக்கல்லையே காட்டிக்கொண்டு நின்றாள். நானும் அம்மியப்பன், கல்லப்பன் என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். கடைசியில் பக்கத்து வீட்டுக் கிழவர் வந்து, “மலையாண்டிடா, மடையா” என்று விட்டுப் போனார். இப்படிப் புருஷன் பெயரை வாங்குவதற்குள்ளேயே பொழுது சாய்ந்துவிடும். அந்தப் பெண்ணின் பெயர் என்ன என்று நான் எந்த வீட்டிலும் கேட்டதில்லை. கேட்பது மரியாதை இல்லை என்று நினைத்திருந்தேன். ‘பெண் ஒன்று’, ‘பெண் இரண்டு’ என்று போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு நடையைக் கட்டுவேன்.

முப்பத்தோராம் நம்பர் வீட்டில் இந்த வேலையே இருக்கவில்லை. அது மா டின் வீடு. மா டின் பர்மியப் பெண். துறைமுகத்தில் வேலை பார்த்த காத்தமுத்துவைக் கட்டிக்கொண்டவள். எங்கள் வீடெல்லாம் மண் தரையோடு தரையாக இருக்க, அவள் மட்டும் எட்டுக் கால் நட்டு ஆள் உயரத்துக்குத் தூக்கிக் கட்டியிருந்தாள். காலையில் அந்த வீட்டுக்கு அடியிலேயே அடுப்பு மூட்டி மொஹிங்கா விற்பாள். கியாக்தான் ஊர்ப் பக்கத்துக்காரி, மீன் குழம்பு வைப்பதில் கைகாரி. அந்தக் குழம்பையும் வாழைத்தண்டையும் அரிசி சேமியா மேல் ஊற்றி அவள் கொடுப்பதைத் தின்றால் மத்தியானம் வரைக்கும் வேறு நினைப்பு வராது. எனக்கு நாக்கில் இப்போதும் ஊறுகிறது, போங்கள்.

“பேரா? காத்தமுத்து” என்று பட்டென்று சொன்னாள். ஒரு பெண் வாயிலிருந்து புருஷன் பெயர் இப்படிச் சுலபமாக வந்துவிட்டதில் நான் வாயைப் பிளந்தேன். “எம் பேரு மா டின்” என்றும் சொன்னாள். அதை எழுதிக்கொள்ள வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. ‘31. காத்தமுத்து. ஆண் ஒன்று. பெண் ஒன்று. கால் எட்டு.’ அவ்வளவுதான். அந்தக் காத்தமுத்து ரெண்டு வருஷத்துக்கு முன்னால் ஊருக்குப் போய் வருகிறேன் என்று கப்பல் ஏறியவன், ஒரு கடுதாசிகூடப் போட்டதில்லை.

எழுதி முடித்ததும், நோட்டுக்கு முன்னால் கற்பூரம் ஏற்றி, இனிமேல் இதில் ஒரு எழுத்தை அடிக்க மாட்டோம், திருத்த மாட்டோம் என்று மேஸ்திரி மாமாவும் பெரியவர்களும் நானும் தொட்டுக் கும்பிட்டோம். பழைய சண்டைக்குப் பயந்து செய்த சத்தியம். மறுநாள் சங்கத்துக் கொட்டகையில் எல்லோரையும் கூட்டி நான் சத்தமாக வாசித்தேன். எந்தப் பெயர் இருக்கிறதோ அந்த ஆளே ஆபீசர் முன்னால் வந்து கைநாட்டு வைக்க வேண்டும், வராத ஆளுடைய இடம் சங்கத்துக்குத் திரும்பிவிடும் என்று மேஸ்திரி மாமா விளக்கினார்.

முப்பத்தொன்றை வாசித்ததும் மா டின் எழுந்தாள்.

“பெண் ஒன்னுன்னியே தம்பி, அந்தப் பொண்ணு யாரு?”

கொட்டகையில் சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“நீதாம்மா” என்றார் மேஸ்திரி மாமா. “புருஷன் பேர்ல இருந்தா உன் பேர்ல இருக்கற மாதிரிதானே?”

“அவரு எங்க இருக்காரோ, எனக்கே தெரியாது. வீடு இங்க இருக்கு, நான் இங்க இருக்கேன். கைநாட்டு யாரு வைக்கறது? காடு வெட்டினது நான். கால் நட்டது நான்.”

“கற்பூரத்த தொட்டாச்சேம்மா. இப்ப ஒன்னத் திருத்தினா நாளைக்கு நாப்பது பேரும் வந்து நிப்பான். நான் என்ன செய்ய?”

அவர் கெட்டவர் இல்லை. நிஜமாகவே பயந்தார். மா டின் என்னைப் பார்த்தாள். சொன்னதெல்லாம் கேட்டுக்கொண்டு எழுதாமல் வந்தவன் நான்தானே, அதைச் சொல்லியிருக்கலாம். பேனாவின் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சுத்தமாக இருந்த முனையை!

மறுநாள் காலையில் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போகப் பார்த்தேன். கூப்பிட்டுவிட்டாள். எப்போதும்போலக் கிண்ணம் நிறைய ஊற்றிக் கொடுத்தாள். ஒரு சொல் திட்டவில்லை. “நல்லா சாப்பிடு. எழுதற கையாச்சே” என்றாள். திட்டியிருந்தால் தின்றிருப்பேன். பாதிக் கிண்ணத்தை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“தப்பா எழுதினது யாரு?”

“நான்தான்.”

“அப்ப கற்பூரத்த ஏன் இழுக்கற? சாமிக்குக் கோவம் வந்தா ஒம்மேல வரட்டும். அவ வீடு போகக் கூடாது.”

இன்னொரு கொத்தை எடுத்துக் கீரையை உருவினாள். அப்புறம், “அவளாவது கேட்டாளே” என்றாள். என்னைப் பார்த்துச் சொன்ன மாதிரி இல்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை. ஆபீசர் அடுத்த நாள் வருகிறார் என்கிற நினைப்புதான் மனசு முழுக்க.

ஆபீசர் வந்து உட்கார்ந்தார். ஜனமெல்லாம் கூடியிருந்தது. நோட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைக்க வேண்டியவன் நான். வைக்காமல், எல்லோருக்கும் முன்னால் விரித்து, சிவப்பு மையைத் தொட்டு, ‘காத்தமுத்து’வை ஒரே கோடாக அடித்தேன். கோடு கோணலாகத்தான் போனது. மேலே ‘மா டின், வீட்டுக்காரி’ என்று எழுதி, ‘பிழை என்னுடையது’ என்று பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்.

“அடப்பாவி!” என்று மேஸ்திரி மாமா எழுந்துவிட்டார். “சத்தியம் பண்ணினியேடா!”

“போன வருஷ மழையில தண்ணி உள்ள வந்தப்ப யார் வீட்டுல ஏறி உக்காந்தோம் மாமா?”

அவரும்தானே ஏறி உட்கார்ந்திருந்தார், பேரனையும் ரெண்டு ஆட்டுக்குட்டியையும் தூக்கிக்கொண்டு. முழுசாக மூன்று நாள்.

“காத்தமுத்து வீட்டுக்குப் போலாம்னா சொன்னோம்? மா டின் வீட்டுக்குப் போலாம்னுதானே ஓடினோம்?”

கூட்டத்தில் யாரோ ஒரு பெண், “ஆமாங்கறேன்!” என்றாள். ஆபீசர் மொழிபெயர்ப்பாளரிடம் விசாரித்தார். மேஸ்திரி மாமா மேல்துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, “ஆமா, வீடு அவளோடதுதான்” என்றார். முப்பத்தொன்று என்று கூப்பிட்டபோது, “ஷிபாதே!” என்று ஒரு குரல் கொடுத்தாளே, ‘இருக்கிறேன்’ என்று! ரயிலடி வரைக்கும் கேட்டிருக்கும்.

அன்றோடு என் எழுத்து உத்தியோகம் போயிற்று. இனிமேல் நோட்டைத் தொடாதே என்று மேஸ்திரி மாமா சொல்லிவிட்டார். சொன்ன கையோடு, டவுனில் ஒரு கிடங்கில் எனக்கு வேலைக்குச் சிபாரிசும் செய்தார். அவர் அப்படி ஒரு மனுஷர்.

காத்தமுத்து அடுத்த வருஷம் ஒரு புளி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தான். மா டின் படி மேலே நின்றுகொண்டு, “பேரு என்ன? யாரு வீட்டுக்கு வந்த?” என்று கேட்டாளாம். தெருவே பார்த்துக்கொண்டிருக்க, “காத்தமுத்து. மா டின் வீட்டுக்கு” என்று சொன்ன பிறகுதான் உள்ளே விட்டாளாம். அதற்கப்புறம் அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மா டின் வீட்டுக்காரர் என்றே ஆகிவிட்டது. பட்டாவை அவள் மூங்கில் குழாயில் போட்டுக் கூரை மோட்டில் செருகி வைத்திருந்தாள். அதைக் கையால் தட்டிக் காட்டிச் சிரிப்பாள்.

யுத்தம் வந்தது. குண்டு விழுந்தது. இந்தியாவுக்கு நடந்தவர்கள் நடந்தார்கள், வழியில் விழுந்தவர்கள் விழுந்தார்கள். எங்கள் அம்மா அந்த வழியில்தான் கண்ணை மூடினாள், நான் இங்கேயே திரும்பிவிட்டேன். மா டின் எந்தப் பக்கம் போனாள் என்று எனக்குத் தெரியாது. மூங்கில்காட்டில் இப்போது லாரிகள் நிற்கின்றன. மண் சுவரும் இல்லை, எட்டுக் காலும் இல்லை, நில ஆபீஸ் வழியாக இங்கே வந்து சேர்ந்த நோட்டு மட்டும் இருக்கிறது. வழி சொல்லி மூங்கில்காடு என்றால் பஸ்காரனுக்குப் புரியவில்லை.

“ஊலே, இங்க மட்டும் ஏன் சிவப்பு?” என்று மல்லிகா கேட்டாள். சொன்னேன். கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். ‘மா… டின்… வீட்டுக்காரி’ என்று எழுத்துக் கூட்டிப் படித்தாள். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

“உங்க வீடு எது ஊலே?”

பன்னிரண்டு. பக்கத்தைத் திருப்பினேன். அப்பா பெயர். ஆண் இரண்டு. பெண் ஒன்று. மண் சுவர்.

மல்லிகா பாரத்தில் ஒரு கட்டத்தில் விரலை வைத்தாள். தாயார் பெயர். “அம்மா பேரு இதுல எங்க ஊலே?”

நோட்டைப் பார்த்தேன். நாற்பது வீடு, நாற்பது வீட்டுப் பெண்கள். அம்மிக்கல்லைக் காட்டினவள், மயிலைச் சொன்னவள், ஒருத்தி பெயரும் இல்லை. கேட்டவள் ஒருத்தி மட்டும் இருந்தாள், சிவப்பு மையில். கீரை ஆய்ந்துகொண்டே ‘அவளாவது கேட்டாளே’ என்று அம்மா எதைச் சொன்னாள் என்று நாற்பது வருஷம் கழித்து, ஒரு ஆபீஸ் மேஜை முன்னால் நின்றுகொண்டு எனக்குப் புரிந்தது. அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது, ஆனாலும் அழுதேன்.

பேனாவை எடுத்தேன். பழைய ரிக்கார்டில் எழுதக் கூடாது என்று அந்தப் பெண் பதறிப்போய் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதில் எழுதவில்லை. பாரத்தில், அந்தக் கட்டத்தில், ‘அஞ்சலை’ என்று எழுதினேன்.

“இதுக்கு ரிக்கார்டு இல்லையே ஊலே” என்றாள்.

“இல்லதாம்மா. எழுத வேண்டியவன் நான்தான்” என்றேன்.