சலீமாவும் சிவப்பு டிராகன் ஜாடிகளும்

அப்துல் மஜீத் இறந்த பிறகும் ஏற்காட்டுக் கடைத்தெருவில் அவருக்கு 'பெயிண்ட் பாய்' என்றுதான் பெயர். துக்கம் கேட்க வந்த ஒருத்தியே வாசலில், "பாவம், பெயிண்ட் பாய் சம்சாரம்" என்றாள். உள்ளே இருந்த சலீமாவின் காதில் அது விழுந்தது. கணவர்மேல் ஒட்டிய அந்தப் பெயரைத் துடைக்காமல் விடுவதில்லை என்று சலீமா அப்போதே முடிவு செய்தார்.

பெயர் வந்தது இரண்டு சீன ஜாடிகளால். துரைமார் எஸ்டேட்டுகளை விற்றுவிட்டுக் கப்பலேறிய காலம். பங்களாக்களில் கழித்துக்கட்டும் கட்டில், விளக்கு, பீங்கான் சாமான்களை வாங்கி விற்பது மஜீதின் தொழில். நாகலூர்ப் பக்கத்துப் பங்களா ஒன்றிலிருந்து அந்த ஜோடி வந்தது. வெள்ளைப் பீங்கானைச் சுற்றிக்கொண்டு ஏறும் டிராகன், காய்ந்த மிளகாய் நிறத்தில். அந்தச் சிவப்பு செம்பிலிருந்து எடுத்தது என்று எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் சொல்லியிருந்தார். டிராகனின் முதுகில் அங்கங்கே பச்சைப் புள்ளிகள். செம்பில் பச்சை என்றால் களிம்பு. பாத்திரம் பண்டம் புழங்குகிறவருக்கு வேறென்ன தோன்றும்? மஜீத் புளி போட்டுத் தேய்த்தார். போகவில்லை. இரும்புக் கேட்டுக்கு அடிக்கும் சிவப்புப் பெயிண்டை எடுத்துப் புள்ளிகளை மூடினார். பூசிய இடம் தனியாகத் தெரியவே, இரண்டு டிராகன்களுக்கும் முழுசாக ஒரு கை அடித்துவிட்டார்.

பழம்பொருள் சேகரிக்கும் சேலத்து ஜவுளிக்காரர் காளியப்பன் வந்து நகத்தால் சுரண்டினார். பெயிண்ட் உரிந்தது. "சீனாவாம், டிராகனாம்! போலிச் சரக்கு விக்கிற கடைங்க இது" என்று வாசலில் நின்று சத்தமாகச் சொல்லிவிட்டுக் காரேறினார். எதிர் டீக்கடை முழுக்கக் கேட்டது. அன்று முதல் மஜீத் 'பெயிண்ட் பாய்' ஆனார். அதன்பிறகு கடைக்கு ஆள் வருவது குறைந்தது. அடுத்த மழைக்காலத்தில் மஜீத் காய்ச்சலில் படுத்தார், எழவில்லை.

சலீமா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்தவள் அந்த மாதங்களில் வாசல் தாண்டக் கூடாது. மஜீதின் தம்பி சையத் இப்ராஹிம் வந்து நின்றார்.

"அண்ணி, அந்த ஜாடிங்களை லாட்ஜ்காரர் கேக்கறாருங்க. பிளாஸ்டிக் பூ வெக்கறதுக்கு. தள்ளி உட்டுறலாங்களா?"

"வேண்டாங்க தம்பி. ரெண்டையும் ஊட்டுக்குக் கொண்டாந்து குடுங்க."

"உருவம் போட்டதாச்சே. தொழுவுற ஊட்டுல வெக்கறதா?"

"தொழுவறப்பத் துணி போட்டு மூடிக்கறேன்."

"நொம்பப் பிடிவாதமுங்க உங்களுக்கு."

"உங்க அண்ணனும் அதையேதான் சொல்லுவாரு."

கத்தி வைத்தால் கீறிவிடும். சலீமா துணியை மண்ணெண்ணெயில் நனைத்துப் பெயிண்டின்மேல் ஒற்றி ஊறவைத்தார். இளகியதை மூங்கில் சீவலால் நெம்பி எடுத்தார். ஒவ்வொரு செதிலாக. விரல் வெடித்தது, சோற்றிலும் மண்ணெண்ணெய் வாடை அடித்தது. இத்தா முடிவதற்குள் இரண்டு டிராகன்களும் பழைய சிவப்போடும் பச்சைப் புள்ளிகளோடும் வெளியே வந்துவிட்டன.

இத்தா முடிந்ததும் சலீமா முதலில் போனது சேலத்துக்கு. ஒரு ஜாடியை வைக்கோலிலும் பழைய சேலையிலும் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் எட்டிப் பார்த்தார்.

"இதுக்கு அரை டிக்கெட் போடட்டுங்களா?"

"உங்க தாத்தாவை விட வயசு ஜாஸ்திங்க. போடறதுன்னா முழு டிக்கெட்டே போடுங்க."

ஜவுளிக்கடையில் காளியப்பன் பூதக்கண்ணாடியை எடுத்து ஜாடியை வெகுநேரம் பார்த்தார். "இது களிம்பில்லீங்கம்மா. சூளை நெருப்புல இந்தச் சிவப்பு சில எடத்துல பச்சையாத் திரும்பிரும். பளபளப்புப் பூச்சுக்கு அடியில கெடக்குது, தேச்சாப் போகாது. அசல்தாங்க. ஜோடியாக் குடுத்துருங்க."

"குடுக்கறேனுங்க. அன்னிக்கு எங்க கடைவாசல்ல ஒரு சொல்லு சொன்னீங்களே, அதை அங்கயே வந்து மாத்திச் சொல்லணும்."

"பெயிண்ட் அடிச்சது நெசந்தானுங்களே?"

"நெசந்தாங்க. தெரியாம அடிச்சாரு. போலி விக்கலை. ரெண்டையும் சேத்தே சொல்லுங்க."

காளியப்பன் சிரித்தார். கடைவாசலில் போய் நிற்பதாவது என்றார். விலையை ஏற்றிப் பார்த்தார். சலீமா ஜாடியைத் திரும்பச் சேலையில் சுற்றிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் மலையேறிவிட்டார்.

மறுநாளே கடையைத் திறந்து, ஜோடியை முன்னால் வைத்து உட்கார்ந்தார். காளியப்பன் வரவில்லை. லாட்ஜ்காரர் இரண்டு தடவை ஆளனுப்பினார். "அவரு பெரிய மனுசருங்க அண்ணி, வரவா போறாரு?" என்றார் இப்ராஹிம். சலீமா ஜாடிகளின் தூசியைத் துடைத்தார்.

ஒரு சந்தை நாளில் கார் வந்து நின்றது. காளியப்பன் இறங்கி, வாசலில் நின்றபடி தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார்.

"டீக்கடைக்குக் கேக்கலீங்க" என்றார் சலீமா.

காளியப்பன் தொண்டையைச் செருமினார். "சாமான் அசலுங்க! மேல பெயிண்ட் பட்டிருந்துச்சு. நாந்தான் சரியாப் பாக்காமப் போலின்னு சொல்லிட்டேன்!"

டீ ஆற்றிக்கொண்டிருந்த மாரிசாமி கையை நிறுத்தினார். "அப்ப பெயிண்ட் பாயை இனிமே என்னன்னு சொல்றதுங்க?"

கணவரின் பெயரைச் சலீமா அதுவரை வாய்விட்டுச் சொன்னதில்லை.

"அப்துல் மஜீத்" என்றார், தெருவுக்கே கேட்கும்படி. பிறகு காளியப்பனுக்கு முக்காலியை இழுத்துப் போட்டார். "உள்ள வாங்க. இப்ப வெலை பேசலாம்."