தீவுத் தபால்தலையும் ஒரு கடவாய்ப்பல்லும்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரை எல்லோரும் 'லென்ஸ்' என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பது வருடமாக ஊரார் பார்வைக் கோளாறைத் தீர்த்துவந்த அந்த உத்தமருக்கு இருந்த ஒரே சபலம், எங்கோ நடுக்கடலில் கிடக்கும் ஒரு தீவு. அவர் அங்கே போனதில்லை. போகிற உத்தேசமும் இல்லை. அந்தத் தீவின் பழைய தபால்தலைகளைச் சேர்ப்பதோடு சரி.

அந்நியர் ஆட்சி முடிந்து தீவு விடுதலையான அவசரத்தில், புதுத் தபால்தலை அச்சடிக்க அவகாசம் இல்லாமல், கையிருப்பில் இருந்த பழைய ராஜா தலைமீதே கறுப்பு மையில் நாட்டின் புதுப்பெயரை அடித்துப் பதினோரு நாள் விற்றார்களாம். அந்தப் பதினோரு நாள் சரக்குக்காக லென்ஸின் ஆல்பத்தில் ஒரு கட்டம் காலியாகக் காத்துக்கிடந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒருநாள், அது தானாகவே கடைக்குள் வந்தது. கொண்டுவந்தவர் எதிர்மாடியில் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டர். லென்ஸோடு ஒரே பெஞ்சில் படித்தவர்.

"அப்பா பெட்டியைக் குடைஞ்சப்ப கிடைச்சுதுய்யா. ஓரத்துல கீறல் இருக்கு பாரு, அது என் கைவேலை. ஏழு வயசுல பிய்க்கப் போய் அப்பாகிட்ட அறை வாங்கினேன். ஏதாவது தேறுமா?"

லென்ஸ் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். இதில் அசலைக் கண்டுபிடிப்பது சுலபம். அச்சகத்தில் பெயரை அடித்த பிறகுதான் தபாலாபீஸ் முத்திரை விழும். ஆகவே முத்திரை மை எழுத்துக்கு மேலே இருக்கவேண்டும். போலி செய்கிறவர்கள், முத்திரை விழுந்த பழைய தலையை எடுத்து அதன்மேல் பெயரை அடிப்பார்கள். அதில் எழுத்துதான் மேலே இருக்கும். டாக்டர் கொண்டுவந்ததில் முத்திரை மேலே இருந்தது. அசல். அப்பட்டமான அசல்.

"போலிப்பா," என்றது லென்ஸின் வாய். அவரைக் கேட்கவே இல்லை. "எழுத்து மேல இருக்கணும், முத்திரை அடியில. புதுசா விடுதலை வாங்கினவன், தன் பேர் மேல கண்ட மையையும் விழ விடுவானா?"

"அட, நியாயம்தானே!" என்றார் டாக்டர்.

கருணை உள்ளம் கொண்ட லென்ஸ், அந்தப் 'போலி'யை வாங்கிக்கொண்டு கலர் கலராக எட்டு மீன் தபால்தலைகளைக் கொடுத்தார். டாக்டர் நன்றி வேறு சொன்னார்.

அன்றிலிருந்து பிடித்தது சனி. பொக்கிஷத்தை ஆல்பத்தில் ஒட்ட வழியில்லை. டாக்டர் ஒரு ஞாயிறு தவறாமல் வந்து ஆல்பத்தைப் புரட்டுவாரே! ஆகவே அது கடைச்சுவரில் மாட்டியிருந்த, கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைக்குப் பின்னால் தலைமறைவானது. வாடிக்கையாளர் யாராவது கடைசி வரியைத் தடுமாறாமல் படித்துவிட்டால் லென்ஸுக்கு வியர்த்துக்கொட்டும். இந்த ஆளுக்குப் பலகையைத் தாண்டியும் தெரியுமோ என்று.

டாக்டரோ ஒவ்வொரு ஞாயிறும் காலிக் கட்டத்தைத் தடவிப்பார்த்து, "பாவம்யா நீ. இரு, எனக்குத் தெரிஞ்சவங்களுக்கெல்லாம் எழுதிப் போட்டிருக்கேன்," என்பார். கெட்ட மனுஷன் என்றால் சமாளித்துவிடலாம். இவர் இப்படி இருந்து கழுத்தை அறுத்தார்.

இதற்கிடையில் லென்ஸின் கீழ்க் கடவாய்ப்பல் சொத்தையானது. டாக்டர் முன்னால் வாயைத் திறந்தால் பல்லோடு வேறு என்னென்ன தெரிந்துவிடுமோ என்று ஒரு பக்கமாகவே மென்று காலம் தள்ளினார்.

"ரோட்டைத் தாண்டினா டாக்டர். அதுவும் கூடப் படிச்சவர்," என்பாள் மனைவி. "நீங்க என்னடான்னா கிராம்பை அடக்கிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. என்னங்க, அவருக்கு ஏதாவது துரோகம் பண்ணிட்டீங்களா?"

விளையாட்டாகத்தான் கேட்டாள். லென்ஸ் இரண்டு நாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

போன ஞாயிறு டாக்டர் படியேறும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். மேசையில் ஒரு சின்னக் கவரைக் கவிழ்த்தார். ராஜா தலை, மேலே கறுப்பு எழுத்து.

"கிடைச்சிடுச்சுய்யா! வெளியூர்க்காரன் ஒருத்தன் பாக்கறதுக்குக் கொடுத்திருக்கான். சாயங்காலம் வந்து என் பறவை ஆல்பத்தை வாங்கிட்டு இதை விட்டுட்டுப் போயிடுவான். உன் கட்டத்துக்குத்தான்."

பறவை ஆல்பம் என்றால், பறவைப் படம் போட்ட தபால்தலைகளாகவே டாக்டர் சேர்த்த இருபத்திரண்டு வருட உழைப்பு. லென்ஸ் பூதக்கண்ணாடியை வைத்தார். எழுத்து, முத்திரைக்கு மேலே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

"இது போலி."

"சும்மா இருய்யா. நீ சொல்லிக்கொடுத்தபடியே பத்துத் தடவை பாத்துட்டேன். எழுத்து மேல, முத்திரை அடியில. இந்த மூணு வருஷத்துல அதுக்கு மாறா இருந்த ரெண்டை நானே வேண்டாம்னு திருப்பி அனுப்பியிருக்கேன் தெரியுமா?"

லென்ஸுக்குப் பல் ஒருமுறை சுண்டியது.

"பறவையைக் கொடுத்திடாதே."

"ஏன்?"

"அழகா இருக்குல்ல."

"உனக்குக் காக்காவும் கோழியும் தவிர என்ன பறவை தெரியும்? பேசாம வாங்கிக்க."

லென்ஸ் எழுந்தார். எழுத்துப் பலகையைக் கழற்றினார். பின்னால் ஒட்டியிருந்த உறையைப் பிரித்து, இடுக்கியால் எடுத்து, டாக்டர் கொண்டுவந்ததன் பக்கத்தில் வைத்தார்.

"இதுதான் அசல். முத்திரைதான் மேல இருக்கணும். அன்னிக்கு உன்கிட்ட தலைகீழாச் சொன்னேன்."

டாக்டர் குனிந்து பார்த்தார். ஓரத்துக் கீறலை நகத்தால் தொட்டார். ஏழு வயதில் வாங்கிய அறை மறுபடி விழுந்ததுபோலக் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். தெருவில் ஒரு லாரி பின்னோக்கி வந்து, நின்று, போய்விட்டது.

"அந்த ரெண்டும் அசலா இருந்திருக்கும், இல்ல?"

"இருந்திருக்கும்."

டாக்டர் இரண்டு தலைகளையும் தன் கவரில் போட்டுக்கொண்டார். "மீனெல்லாம் நாளைக்குக் கொடுத்தனுப்பறேன். நாறுது." வாசல்வரை போய்த் திரும்பினார். "தாடை வீங்கியிருக்கு. எவ்வளவு நாளா?"

"மூணு வருஷமா."

"ஒன்பது மணிக்கு வா. பிடுங்கணும்."

"மரத்துப்போற ஊசி..."

"அது வர்றவங்களுக்கெல்லாம் போடறது. உனக்குக் கிடையாது."

மறுநாள் எட்டரைக்கே லென்ஸ் கிளினிக் படியில் உட்கார்ந்திருந்தார். டாக்டர் வந்தார், பூட்டைத் திறந்தார், நாற்காலியைக் காட்டினார். லென்ஸ் ஏறிச் சாய்ந்து, யாரும் கேட்பதற்கு முன்பே வாயை அகலத் திறந்தார்.