ஆகாயக் கப்பலின் கேப்டன்

நான் சம்பளத்துக்குப் பல்சக்கரம் வரைகிறவள். சென்னையில் கணினி விளையாட்டுகள் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் எனக்கு வேலை. கொஞ்ச காலமாக எங்கள் குழு செய்துகொண்டிருக்கும் விளையாட்டு ‘ஸ்டீம்பங்க்’ என்ற வகையைச் சேர்ந்தது. பெட்ரோலும் மின்சாரமும் வராமலே போய், நீராவியை மட்டும் வைத்துக்கொண்டு மனிதன் எல்லாவற்றையும் கண்டுபிடித்திருந்தால் உலகம் எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கிற கற்பனை அது. பித்தளைக் குழாய்கள், தோல் வார்கள், புகைபோக்கி வைத்த ஆகாயக் கப்பல்கள், நெற்றியில் ஏற்றிவிட்ட பெரிய கண்ணாடி. காலையில் உட்கார்ந்தால் மாலை வரை துரு வரைவேன், ஆணித் தலை வரைவேன். எழுந்திருக்கும்போது கண் எரியும். புதிதாகச் சேர்கிறவர்கள் யாராவது, இதில் அப்படி என்ன இருக்கிறது, ஏன் இத்தனை பேர் இதன் மேல் பைத்தியமாக இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். பதில் சொல்ல அலுப்பாக இருக்கும். எனக்குத் தெரிந்த பதில் என் சித்தி சொன்னது. அதைச் சொல்வதென்றால் சித்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

சித்தி என் அம்மாவின் தங்கை. காரைக்கால்மேட்டில், கடலைவிட்டுத் தள்ளிக் கட்டிக்கொடுத்த குடியிருப்பில் எங்கள் வீடு. சுனாமியில் அம்மாவைப் பெற்றவர்களும் அவர்கள் வீடும் போன பிறகு சித்தி எங்களோடு வந்துவிட்டாள். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் படித்து முடித்தவள். வேலை கிடைத்ததோ டவுனில் ஒரு பிரவுசிங் சென்டரில். தேர்வு முடிவு பார்க்க வருகிறவர்கள், விண்ணப்பம் அனுப்ப வருகிறவர்கள், சவூதியில் இருக்கும் மகனோடு பேச வருகிறவர்கள் எல்லாருக்கும் அவள்தான் பொறுமையாக எடுத்துக் கொடுப்பாள். ஆள் வராத மதியங்களில் அவளும் எதையாவது பார்த்துக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு மதியத்தில்தான் அந்த ஆகாயக் கப்பல் அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

அந்தப் படத்தைக் கலரில் பிரின்ட் எடுத்து வந்து பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டினாள். அது சாமி படம் இல்லையே என்பது ஒன்றுதான் அம்மாவுக்குக் குறை. எனக்கு அப்போது எட்டு வயது. துணி எடுக்கும் சாக்கில் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்ப்பேன்.

“இது எந்த ஊர்ல இருக்கு சித்தி?”

“எந்த ஊர்லயும் இல்ல.”

“அப்ப முன்னாடி இருந்துச்சா?”

“முன்னாடியும் இல்ல. நடக்கவே இல்ல. ஆனா நடந்திருக்கலாம்.” பிறகு கப்பலின் வயிற்றில் விரல் வைத்துக் காட்டினாள். “இந்தச் சக்கரம் சுத்துனா அது சுத்தும். அது சுத்துனா ரெக்கை அடிக்கும். எல்லாம் வெளியவே தெரியுது பாரு. ஒண்ணையும் மூடி வைக்கல. எங்க சென்டர்ல இருக்குற பெட்டி நின்னு போச்சுன்னா என்னாச்சுன்னே தெரியாது. சும்மா பார்த்துக்கிட்டு நிக்கணும்.”

இவ்வளவுதான் அவள் சொன்னது. இதைவிட நல்ல பதிலை நான் இன்றுவரை யாரிடமும் கேட்கவில்லை.

அந்த வருடம் பள்ளிக்கூடத்தில் மாறுவேடப் போட்டி வைத்தார்கள். எங்கள் பள்ளியில் மாறுவேடம் என்றால் தலைவர்கள், சாமிகள், காய்கறிகள். போன முறை நான் கத்தரிக்காய். இந்த முறை சித்தி முந்திக்கொண்டு, “அவ ஆகாயக் கப்பலோட கேப்டன்” என்றாள். அம்மா, “அது யாருக்குடி புரியும்?” என்றாள். சித்தி மறுநாளே சாமான் சேர்க்கத் தொடங்கிவிட்டாள்.

வேலைவிட்டு வந்தால் ஒரு வார்த்தை பேசாமல் பாத்திரம் தேய்த்து, துணி மடித்து, சமையலறை ஓரத்தில் பாயை விரித்துப் படுத்துவிடுகிறவள் சித்தி. அந்த நாட்களில் மட்டும் வேறு ஆளாக இருந்தாள். கெட்டுப்போன பம்ப் ஸ்டவ்வின் பித்தளைத் தொட்டியைக் கழுவிப் புளி போட்டுத் தேய்த்து என் முதுகுக்குக் கொதிகலன் ஆக்கினாள். ஓடாத அலாரம் கடிகாரத்தைப் பிரித்து அதன் சக்கரங்களை ஒரு பழைய ரெக்சின் பெல்ட்டில் தைத்தாள். வெல்டிங் கண்ணாடி ஒன்றை எங்கிருந்தோ வாங்கி வந்தாள். அட்டையில் உயரமான தொப்பி செய்தாள். படகில் பெயர் எழுத வாங்கி மீந்த தங்க நிறப் பெயின்டை அப்பா கொடுத்தார். கொடுத்துவிட்டு, “என்னதான் அது?” என்று கேட்டார். “கொதிகலன் மச்சான்” என்றாள் சித்தி. அப்பா கொதிகலனைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கு” என்றார். கடலுக்குப் போய்விட்டு வந்த அசதியில் அவர் எதைப் பார்த்தாலும் நல்லா இருக்கு என்பார்.

எல்லாவற்றிலும் பெரிய வேலை புகை. தொட்டிக்குள் ஒரு சின்ன மண் கிண்ணத்தில் தணலும் ஒரு சிட்டிகை சாம்பிராணியும் வைத்து மூடினால், என் தோளுக்கு மேலே நீட்டியிருந்த குழாயிலிருந்து இழை இழையாகப் புகை வரும். நான் மேடையேறுவதற்குச் சற்று முன்னால் தன் கையாலேயே சாம்பிராணி போட வேண்டும் என்று சித்தி அதற்காகவே லீவு சொல்லியிருந்தாள்.

போட்டிக்கு முதல் நாள் தரகர் வந்தார். கருக்களாச்சேரியிலிருந்து மறுநாள் காலையிலேயே பெண் பார்க்க வருகிறார்கள் என்றார். மாப்பிள்ளைக்கு ஐஸ் பிளான்ட்டில் வேலையாம். அம்மா சித்தியைப் பார்த்தாள். சித்தி அப்பாவிடம் போய், “நீங்களே கூட்டிக்கிட்டுப் போங்க மச்சான். ஒரு சிட்டிகை போதும்” என்றாள். நான் அழுதேன். யாரும் சமாதானம் சொல்லவில்லை. நாற்காலி இரவல் வாங்க வேண்டியிருந்தது.

காலையில் கண்ணுக்குக் கீழே கண்மையால் கரி மாதிரி இழுத்து, கழுத்திலும் கையிலும் தங்கப் பெயின்ட் தடவி, சித்தி என்னை அனுப்பி வைத்தாள். அப்பா இரவெல்லாம் கடலில் இருந்துவிட்டு வந்தவர். மேடைக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார். என் பெயரைக் கூப்பிட்டதும் திடுக்கிட்டு எழுந்து, தொட்டியைத் திறந்து, சாம்பிராணி போட்டார். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போடுவது அவர்தான். அந்தப் பழக்கத்தில் கை நிறையப் போட்டுவிட்டார்.

நான் மேடையின் நடுவே போய் நின்றேன். தலைமையாசிரியை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீ எந்த நாட்டுத் தலைவர்மா?” என்றார். சித்தி சொல்லிக்கொடுத்ததை நான் ஒப்பிக்க ஆரம்பித்தேன். “வணக்கம். நான் ஆகாயக் கப்பலின் கேப்டன். என் கப்பல் நீராவியில் ஓடுகிறது. அது நடக்கவில்லை, ஆனால் நடந்திருக்கலாம்.” அதற்குள் என் தோளிலிருந்து புகை இழையாக வரவில்லை, மூட்டம் மூட்டமாக வந்தது. முன்வரிசையில் இருந்த பாரதமாதா இரும ஆரம்பித்தாள். தக்காளி வேடம் போட்டவன் அழுதான். பிள்ளைக்கு முதுகில் தீப்பிடித்துவிட்டது என்று யாரோ சொன்னார்கள். தாழ்வாரத்தில் சிவப்பு வாளிகள் தொங்குவது வழக்கம். ஒன்றில் மணல், ஒன்றில் தண்ணீர். வாட்ச்மேன் தண்ணீர் வாளியோடு ஓடி வந்தார். அந்த மட்டில் என் அதிர்ஷ்டம்.

ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா கொடுத்தார்கள். அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் முன்னால் உட்கார வைத்துக்கொண்டு வந்தார். வழியெல்லாம், “சித்திகிட்ட நான் சொல்லிக்கிறேன், நீ சொல்லாத” என்றார்.

வீட்டு வாசலில் செருப்புகள் கிடந்தன. அப்பா வண்டியை நிறுத்துவதற்குள் நான் உள்ளே போய்விட்டேன். கூடத்தில் இரவல் நாற்காலிகளில் மாப்பிள்ளையின் அம்மாவும் அத்தையும் மாப்பிள்ளையும் உட்கார்ந்திருந்தார்கள். பட்டுப்புடவையில் சித்தி காபித் தட்டோடு தலைகுனிந்து நின்றிருந்தாள். நான் போய் நின்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கண்மை கன்னமெல்லாம் வழிந்திருந்தது. தொப்பி நனைந்து காதுவரை இறங்கியிருந்தது. என்னைச் சுற்றித் தரையில் தண்ணீர் சொட்டியது.

“என்னம்மா இது கோலம்?” என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

அம்மா ஏதோ சமாளிக்க வாயெடுத்தாள். அதற்குள் மாப்பிள்ளை எழுந்து வந்து என் முதுகுப்பக்கம் குனிந்தார். குழாயைத் தொட்டுப் பார்த்தார். “யாரு செஞ்சது?”

“நான்தான்” என்றாள் சித்தி.

“இது ஓடுமா?”

“ஓடாதுங்க. ஓடுற மாதிரி இருக்கும்.”

அவர் சிரித்தார். “எங்க பிளான்ட்ல எல்லாம் ஓடுது. ஆனா ஒண்ணும் பார்க்க இப்படி இல்லைங்க” என்றார். அதற்குச் சித்தி ஏதோ சொன்னாள். பிறகு அவர் கேட்க, சித்தி தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டியைத் திறந்து காட்டினாள். புகை எப்படி ஏறும், குழாயை எந்த இடத்தில் வளைத்தால் தேங்காமல் வரும் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். ஆகாயக் கப்பலைப் பற்றியும் சொன்னாள். மாப்பிள்ளை அந்த வெல்டிங் கண்ணாடியைக் கழற்றித் தன் கண்ணில் போட்டுக்கொண்டு, “ஒண்ணும் தெரியல” என்றார். சித்தி வாய்விட்டுச் சிரித்தாள். சித்தி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அதற்கு முன்னால் வந்த மாப்பிள்ளைகளிடம் அவள் பெயரைக்கூட அம்மாதான் சொல்லியிருக்கிறாள்.

அவருடைய அம்மா காபியைப் பாதியில் வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். “சரி, கிளம்பலாம். கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்” என்றார். மாப்பிள்ளை வாசலில் திரும்பிப் பார்த்து, “வர்றேங்க” என்றார். பொதுவாகச் சொன்னதுபோல்தான் இருந்தது.

சாயங்காலமே தரகர் போன் செய்துவிட்டார். அம்மா சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டாள். வெளியே வந்து அப்பாவிடம் தாழ்ந்த குரலில், “பாக்க வந்த அன்னைக்கே பொண்ணு இவ்ளோ பேசுதே, வீட்டுக்கு வந்தா எப்படின்னு யோசிக்கிறாங்களாம்” என்றாள். அப்பா இரவல் நாற்காலிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டில் யாரும் யாரையும் கடிந்து பேசியதில்லை. சித்தியைப் பற்றிய பேச்சென்றால் குரல் தானாகவே இறங்கிவிடும். அதை நான் அன்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்பும்தான்.

சித்திக்கு அதன்பின் சில வருடங்கள் கழித்துப் பட்டினச்சேரியில் அமைந்தது. நல்ல மனிதர், அதிகம் பேசாதவர். சித்தியும் அங்கே நன்றாகத்தான் இருக்கிறாள். ஊருக்குப் போகும்போது நான் வரைந்ததைப் போனில் காட்டுவேன். பார்த்துவிட்டு, “அழகா இருக்கு” என்பாள். அப்பா சொல்வாரே, அதே மாதிரி.

போன் வந்த அன்று சாயங்காலம் சித்தி என்னைப் பின்கட்டில் உட்கார வைத்து, கழுத்திலிருந்த தங்கப் பெயின்டைத் தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவையை மாற்றிவிட்டு நைட்டியில் இருந்தாள். காதுக்குப் பின்னால் ஒட்டியிருந்தது போகவேயில்லை. சித்திக்குக் கோபமில்லை என்பது அவள் கையிலேயே தெரிந்தது. எனக்கு மனசெல்லாம் குதித்தது. வருகிறவர்கள் எல்லாரும் சித்தியைக் கூட்டிக்கொண்டு போகத்தான் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். இவர்களும் போய்விட்டார்கள்.

“நல்லதாப் போச்சு சித்தி” என்றேன். “நீ இங்கயே இருப்பல்ல?”

அவள் கை நின்றது. “ஆமா. இங்கயேதான் இருப்பேன்” என்றாள். பிறகு மறுபடியும் எண்ணெயைத் தொட்டுத் துடைக்க ஆரம்பித்தாள்.

நான் ‘இங்கயே’ என்று சொன்ன வீடு எனக்குத்தான் வீடு. அவளுக்கு அது அக்கா வீடு. சமையலறை ஓரத்துப் பாயிலிருந்து எழுந்து போக அவள் எத்தனை காலமாகக் காத்திருந்தாள் என்பதோ, அன்று காலை வந்தவரை அவளுக்குப் பிடித்திருந்தது என்பதோ எனக்குத் தெரியவில்லை. அவள் சொன்ன பதிலில் நான் கேட்க விரும்பியது மட்டும் எனக்குக் கேட்டது. சந்தோஷத்தில் அப்படியே அவள் மடியில் சாய்ந்து தூங்கிப்போனேன்.