பிரவுசருக்குள் ஒரு குட்டி மொழி

அடுத்தவர் எழுதிய புரோகிராமை ஓட்டிக் காட்டும் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு: ஓடினால் பெருமை எழுதியவருக்கு, நின்றால் வசவு நமக்கு. கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் நடத்தி நொந்துபோன சக ஜீவன்களே, உங்களுக்குப் புரியும்.

இரண்டாயிரத்து நான்கு வாக்கில் பெரம்பலூரில் ஒரு சென்டரில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொடுத்தேன். அங்கிருந்த பழைய மிஷின்களில் எந்த சாப்ட்வேரைப் போட்டாலும் மூச்சுத் திணறும். பிரவுசர் மட்டும் எப்படியோ திறக்கும். அதற்குள் ஓடுகிற மாதிரி நானே ஒரு குட்டி மொழி செய்தேன். சொல்லு, கேளு, சுத்து என்று சில கட்டளைகள். மேல் பெட்டியில் எழுதி பட்டனை அழுத்தினால், பிரவுசர் வரிவரியாகப் படித்து, கீழ்ப் பெட்டியில் விடை காட்டும். சீக்கிரமே அமெரிக்காக்காரன் என்னைத் தேடி பஸ் ஏறுவான் என்று நம்பினேன்.

ஒயர்

சென்டர் ஓனர் ஜமால் பாய், லப்பைக்குடிகாட்டுக்காரர். துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். அப்போது இன்டர்நெட் போன் லைனில்தான் வரும்; பிரவுசரைத் திறந்தாலே போன் பில் ஏறும் என்பது அவர் முடிவு. நான் பாடத்தை ஆரம்பித்ததும் வந்து போன் ஒயரைப் பிடுங்கிவிட்டார். மிஷினுக்குள்ளேயே இருந்த குட்டி மொழி அது பாட்டுக்கு ஓடியது. அவர் முகம் மாறிவிட்டது.

"ஒயரைப் புடுங்கியும் ஓடுதே தம்பி, யாரு வூட்டு லைன்ல போவுது?"

சுத்து

மல்லிகா என்று ஒரு மாணவி, பாடாலூரிலிருந்து வருவாள். சொன்னதையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் 'சுத்து' கட்டளையை எழுதியவள், எப்போது நிற்பது என்று எழுதவில்லை. சுற்றிக்கொண்டே இருந்தால் தடுக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றியிருக்கவில்லை. மவுஸ் நின்றது, திரை நின்றது. மிஷினையே அணைத்துப் போட்டேன். அடுத்த மிஷினிலும் அவள் அதையே எழுதினாள். அதுவும் போனது. அன்றைக்கே 'நிறுத்து' என்று ஒரு பட்டன் வைத்தேன். பிரவுசர் உறைந்துபோனால் அந்தப் பட்டனும் சேர்ந்து உறைந்துவிடும் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

மல்லிகா அதை நாலு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "சார், நிறுத்துங்கற பட்டன்தான் சார் மொதல்ல நின்னுபோச்சு."

வெங்காயக் கணக்கு

மல்லிகாவின் அப்பா சின்ன வெங்காயம் போடுகிறவர். மகள் என்னதான் படிக்கிறாள் என்று பார்க்க வந்திருந்தார். "இந்த மாசத்துக்குள்ள வேலை ஒண்ணும் அமையலன்னா படிச்சது போதுங்க, கல்யாணத்தைப் பாத்துடுவோம்" என்று என்னிடம் சொல்லிவிட்டார். மல்லிகா கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவரை அசத்திவிட நினைத்து, இரண்டு மூட்டை எடையைக் கூட்டிக் காட்டும்படி மல்லிகாவிடம் சொன்னேன். ஒன்று அறுபது கிலோ, ஒன்று ஐம்பத்தைந்து. விடை: 6055. பெட்டியில் அடிப்பதையெல்லாம் பிரவுசர் எழுத்தாகத்தான் எடுத்துக்கொள்ளும். எண்ணாக மாற்றச் சொல்லும் வரியை நான் விட்டிருந்தேன். அதனால் கூட்டாமல் ஒட்டிவிட்டது. அவர் திரையை எட்டிப் பார்த்தார்.

"சரி பண்ணிடாதீங்க சார், யாவாரிக்கு எடை போடறப்ப இதுலயே போட்டுக்கறேன்."

அரியலூர்

அந்த மாசக் கடைசியில் அரியலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் குட்டி மொழியைக் காட்ட வாய்ப்பு வந்தது. பிடித்துப்போனால் வகுப்பெடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். அந்த ஆள் மல்லிகாவாக இருக்கட்டும் என்று அவளையும் அழைத்துப் போனேன்.

பிளாப்பியைப் போட்டேன், பக்கம் திறந்தது. பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை. வைரஸுக்குப் பயந்து பிரவுசரில் இந்த மாதிரி எதுவும் ஓடக்கூடாதென்று யாரோ அடைத்துவைத்திருந்தார்கள். திறக்கப் பாஸ்வேர்டு வேண்டும். அது தெரிந்தவர் விருத்தாசலத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தார். பிள்ளைகள் கொட்டாவி விட, தலைமையாசிரியை கடிகாரத்தைப் பார்க்க, நான் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

மல்லிகா சாக்பீஸை எடுத்தாள். கட்டளைகளைப் போர்டில் எழுதி, ஒரு பெண்ணைப் பிரவுசராக நிற்கவைத்தாள். 'சொல்லு' என்றால் அந்தப் பெண் சொல்ல வேண்டும், 'சுத்து' என்றால் சுற்ற வேண்டும். நிற்கும் வரியை வேண்டுமென்றே விட்டாள். பெண் சுற்றிச் சுற்றித் தலைகிறுகிறுத்து பெஞ்சில் விழ, வகுப்பே எழுந்து கத்தியது: "நிறுத்தச் சொல்லி எழுதுங்கக்கா!"

தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "சார், உங்க பிளாப்பிய எடுத்துட்டுப் போங்க, இந்தப் பொண்ண மட்டும் திங்கக்கிழமையிலேர்ந்து வரச் சொல்லுங்க."

ஆக மொத்தம், நான் செய்த மொழியால் ஒருத்திக்கு வேலை கிடைத்தது உண்மை, அதுவும் அது ஓடாமல் போனதால்.